வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால்

100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரிலிருந்து கழற்றி ஆறவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி முனைகளில் வைத்தால் திரையில் ஏறக்குறைய 40 ஓம் என்று வரும். பள்ளியில் படித்த விதியை நம்பிக் கணக்குப் போடுகிறவருக்கு இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதை 40ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் ஆம்பியர். வந்ததை மறுபடி 230ஆல் பெருக்கினால் 1,300 வாட்டைத் தாண்டுகிறது. சாதாரண அயர்ன் பாக்ஸ்கூட அவ்வளவு இழுக்காது. ஆனால் பல்பின் தலையில் அச்சிட்டிருப்பது 100 வாட்; எரியும்போது அது எடுத்துக்கொள்வதும் அவ்வளவுதான்.

மீட்டர் சரியாகத்தான் காட்டியது. விதியும் பிசகவில்லை. எரிந்துகொண்டிருக்கும் அதே பல்பில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே சமயத்தில் அளந்தால் 230 வோல்ட்டும் 0.435 ஆம்பியரும் கிடைக்கும். வகுத்தால் ஏறக்குறைய 530 ஓம். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் வட்டாரத்தில் ஒளிரும்போது, அதன் தடை ஆறியிருந்தபோது இருந்ததைப்போல் பதின்மூன்று மடங்காகிவிடுகிறது. சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் மட்டும் பல்பு பல ஆம்பியரை இழுக்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நேரத்திலேயே பியூஸ் போவதற்குக் காரணம் இதுதான்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன். அளவு இரண்டு, கணக்கும் இரண்டு. இதைவிட எளிய கணக்கு இயற்பியலில் அதிகம் இல்லை. சிக்கல் கணக்குக்கு முன்னால் இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் எங்கே, எந்த நிலையில், எதன் குறுக்கே எடுத்தோம் என்பதில்தான் விடையின் மதிப்பு அடங்கியிருக்கிறது. இந்த விதிகளைக் கண்டுபிடித்தவர்களும் மின்விளக்கு, மின்தொடர் என்று அவற்றை வைத்து உலகத்தை மாற்றியவர்களும் அதிகம் உழைத்தது அந்த இடத்தில்தான்.

கியோர்க் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஓம், பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் தாமே கருவிகளைச் செய்து சோதனை நடத்தினார். 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. கம்பியின் நீளத்துக்கும் மின்னோட்டம் குறைவதற்கும் இடையே மடக்கைத் தொடர்பு இருப்பதாக அதில் எழுதியிருந்தார். பிழைக்கு வேர் அவருடைய கணிதத்தில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. அக்காலத்து வோல்டா மின்கலத்தில் மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகள் படியும், அதன் வலு சரியும். ஒரு கம்பியை அளந்து முடித்து அடுத்த கம்பியை மாட்டுவதற்குள் மின்மூலமே மாறிவிட்டிருக்கும். அளந்த மாற்றத்தில் கம்பியின் பங்கு எவ்வளவு, கலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

ஓமின் கட்டுரைகள் வெளியான இதழின் ஆசிரியர் யோகான் பொக்கெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள். இரு வேறு உலோகங்களை இணைத்து ஒரு சந்திப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் உண்டாகும் என்று தாமஸ் சீபெக் 1821இல் கண்டறிந்திருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் மறு சந்திப்பைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இப்படிக் கிடைப்பது சில மில்லிவோல்ட்தான், இன்றைய டார்ச் செல்லின் வலுவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நீர் கொதித்துக்கொண்டும் பனி உருகிக்கொண்டும் இருக்கும்வரை அந்தச் சில மில்லிவோல்ட் அசையாமல் நிற்கும். வலுவான மூலத்தை விட்டு நிலையான மூலத்தைப் பிடித்த இந்த மாற்றத்தை, அதன் பிறகு வந்த சூத்திரத்துக்குச் சமமான கண்டுபிடிப்பாகவே கருத வேண்டும்.

1826 ஜனவரியில் எடுத்த அளவீடுகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே தடிமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும். ஊசி தொங்கும் இழையை மேலே முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எவ்வளவு முறுக்கினோமோ அதுவே மின்னோட்டத்தின் அளவு. 2 அங்குலக் கம்பிக்கு 326¾ என்று வந்தது, 130 அங்குலக் கம்பிக்கு 48½. 7,285ஐ எடுத்துக்கொண்டு, கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்டி வகுத்தால் எட்டு அளவீடுகளும் ஏறக்குறைய அப்படியே வருவதை ஓம் கண்டார். கடைசிக் கம்பிக்குப் போட்டுப் பார்க்கலாம்: 130உடன் 20¼ சேர்த்தால் 150¼, 7,285ஐ அதனால் வகுத்தால் 48.5.

அந்த 20¼ கவனிக்கத்தக்கது. கம்பி எவ்வளவு குட்டையானாலும் இந்த அளவு கூடவே இருக்கிறது. மின்மூலமும் இணைப்புகளும் சேர்ந்து, இருபதேகால் அங்குலச் செப்புக் கம்பிக்கு ஈடான தடையைத் தமக்குள்ளேயே வைத்திருந்தன என்பதுதான் பொருள். இன்று அகத்தடை என்று சொல்கிறோம். கார் மெக்கானிக் பேட்டரியைச் சோதிக்கும்போது தேடுவதும் இதைத்தான். சும்மா இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அது 10.6க்கு இறங்கினால், குறைந்த 2 வோல்ட்டை 200ஆல் வகுத்து அகத்தடை 0.01 ஓம் என்று சொல்லிவிடலாம். பழசாகிப்போன பேட்டரியும் லோடு இல்லாதபோது 12.5 வோல்ட்டைக் காட்டும். சாவியைத் திருப்பினால் 8க்குச் சரியும். அதனால்தான் லோடு கொடுக்காமல் பார்த்த வோல்ட்டேஜை வைத்து விவரமறிந்த மெக்கானிக் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

ஓம் 1827இல் பெர்லினில் தம் நூலை வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. ஆசிரியர் வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் அளித்த பிறகே பெயர் பரவியது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி கைக்கு வந்தது 1852இல், இறப்பதற்கு இரண்டே ஆண்டு முன்னால்.

மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான இதே உறவை ஓமுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் கண்டிருந்தார் என்பது வியப்பான செய்தி. மின்னோட்டத்தை அளக்கும் கருவி 1781இல் கிடையாது. உப்புநீர்க் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தம் உடலுக்குள் பாய்ச்சி, எந்த அதிர்ச்சி எதற்குச் சமம் என்று உணர்ந்து உணர்ந்து குறித்துவைத்தார். குறிப்புகளை அவர் அச்சுக்குத் தரவே இல்லை. 1879இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. தம் உடலையே மீட்டராக்கிய ஒரு மனிதர் இவ்வளவு துல்லியமாக அளந்தது அறிவியல் வரலாற்றின் அரிய நிகழ்வுகளில் ஒன்று.

அடுத்த கேள்வி, மின்னோட்டம் கம்பியில் உண்டாக்கும் வெப்பம். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் தயாரிக்கும் தொழில் செய்த குடும்பத்து இளைஞர் ஜேம்ஸ் ஜூல். கம்பியைக் கண்ணாடிக் குழாயில் சுற்றி நீரில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியில் பார்த்தார். 1841இல் முடிவு அச்சானது: வெளிப்படும் வெப்பம் மின்தடையையும் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ரஷ்யாவில் ஹைன்ரிச் லென்ஸ் இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார்.

வர்க்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு கம்பியில் இரு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டுமானால் இரு மடங்கு வோல்ட் கொடுக்க வேண்டும் என்பது ஓம் விதி. இரண்டும் இரட்டித்ததால் அவற்றின் பெருக்கம் நான்கு மடங்காகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் நேராக வாட் கிடைப்பது தற்செயலாக அமைந்ததும் இல்லை. 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி வரையறுத்தது; மறு ஆண்டு வில்லியம் சீமென்ஸ் வோல்ட், ஆம்பியர் பெருக்கத்துக்கு வாட் என்ற பெயரை முன்மொழிந்தார்.

ஜூலின் வர்க்கத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. பிளக்கின் முள் சாக்கெட்டில் தளர்ந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். 8.7இன் வர்க்கம் 76. அதில் பாதி 38. ஒரு சாலிடரிங் அயர்ன் தரும் அளவுக்கான 38 வாட் வெப்பம் பட்டாணி அளவுள்ள ஓர் இடத்தில் கீசர் ஓடும் நேரமெல்லாம் இறங்குகிறது. பித்தளை முள் கறுக்கிறது, பிளாஸ்டிக் இளகுகிறது, சூட்டினால் பிடிப்பு மேலும் தளர்ந்து தடை இன்னும் கூடுகிறது. அதே சாக்கெட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் டேபிள் ஃபேனை மாட்டியிருந்தால் வெப்பம் ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்குதான்; எவர் கவனத்துக்கும் வந்திருக்காது. லூஸ் கனெக்‌ஷன் கீசரிலும் ஏ.சி.யிலும் மட்டும் தீயாக மாறுவதற்கு இந்த வர்க்கமே காரணம்.

இதே வர்க்கம்தான் மின்விளக்கின் வடிவத்தையும் தீர்மானித்தது. 1870களின் கடைசியில் வில் விளக்குகள் தெருக்களில் எரிந்துகொண்டிருந்தன; வீட்டுக்குள் வைக்கும் சிறு விளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்வது நடக்காத காரியம் என்று பிரிட்டனின் மின்னியல் வல்லுநர் வில்லியம் பிரீஸ் 1879இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் எடிசனும் அவரிடம் சேர்ந்திருந்த கணித வல்லுநர் ஃபிரான்சிஸ் அப்டனும் அதே விதிகளை வைத்து வேறு முடிவுக்குப் போனார்கள். அப்போது விளக்குக்கு இழை தேடியவர்கள் பலரும் குறைந்த தடையுள்ள தடித்த இழைகளை நாடினார்கள். ஒரு கணக்கு போதும் வேறுபாட்டைக் காட்ட. 1 ஓம் தடையுள்ள விளக்கு 100 வாட் எடுக்க வேண்டுமானால் 10 ஆம்பியர் ஓட வேண்டும். 100 ஓம் விளக்குக்கு 1 ஆம்பியர் போதும். விளக்குக்குப் போகும் கம்பியின் தடை 0.1 ஓம் என்றால், முதல் விளக்கின் கம்பியில் 10 வாட் வீணாகிறது, இரண்டாவதன் கம்பியில் 0.1 வாட். முதல் விளக்குக்கும் அதே சொற்ப இழப்புதான் வேண்டுமென்றால் நூறு மடங்கு செம்பு வாங்க வேண்டும். நகரத் தெருக்களின் அடியில் புதைக்கும் செம்பின் விலை திட்டத்தையே மூழ்கடித்திருக்கும்.

ஆகவே எடிசனின் ஆய்வுக்கூடம் தேடியது வெறும் நீடித்து எரியும் இழையை மட்டும் அல்ல. மெல்லியதாக, நூறு ஓமுக்குக் குறையாத தடையுள்ளதாக, நீடித்து எரியும் இழையை. கரியாக்கிய பருத்தி நூல், பிறகு மூங்கில் இழை என்று அந்தத் தேடல் போனது. கரி இழை டங்ஸ்டனுக்கு நேர்மாறானது, சூடேறினால் தடை குறையும். ஆறிய நிலையில் இருக்கும் தடையில் ஏறக்குறைய பாதிதான் ஒளிரும்போது இருக்கும். ஆக, அதையும் எரியவிட்டுத்தான் அளக்க முடியும். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் 110 வோல்ட்டில் இயங்கத் தொடங்கியது. பிரீஸின் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை கிடையாது. விளக்கின் தடை மாற்ற முடியாத ஒன்று என்று எடுத்துக்கொண்டதில் அவர் சறுக்கினார்.

110 வோல்ட்டுக்கும் எல்லை உண்டு. நிலையத்திலிருந்து ஒரு மைலைத் தாண்டினால் மறுபடி செம்பின் கணக்கு குறுக்கே வந்தது. அந்த எல்லை உடைந்த விதத்தை ஒரே மனிதர் நடத்திய இரண்டு கண்காட்சிகளில் பார்க்கலாம். 1882இல் மியூனிக் கண்காட்சிக்காக ஆஸ்கர் ஃபான் மில்லரும் பிரெஞ்சுப் பொறியாளர் மார்செல் டெப்ரேயும் 57 கி.மீ. தொலைவில் இருந்த மீஸ்பாக் என்ற ஊரிலிருந்து, தந்திக்குப் போடும் இரும்புக் கம்பியின் வழியாக, ஏறக்குறைய 2,000 வோல்ட்டில் நேர்மின்சாரம் கொண்டுவந்து ஒரு செயற்கை அருவியை ஓடவைத்தார்கள். அனுப்பியதில் கால்வாசிதான் வந்து சேர்ந்தது. 1891இல் அதே மில்லர் பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு 175 கி.மீ. அப்பாலுள்ள லாஃபன் ஊரிலிருந்து மும்முனை மின்சாரத்தை 15,000 வோல்ட்டில் கொண்டுவந்தார். அங்கேயும் ஓர் அருவி, கூடவே ஆயிரம் விளக்குகள். இந்த முறை வந்து சேர்ந்தது முக்கால் பங்கு. தூரம் மூன்று மடங்கு கூடியும் இழப்பு முக்காலிலிருந்து காலாகக் குறைந்திருக்கிறது.

அதன்பின் பதினோரு ஆண்டில் காவிரி இந்தக் கணக்குக்குள் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்தில் உண்டான மின்சாரம், முப்பதாயிரத்துக்குக் குறையாத வோல்ட்டில், 147 கி.மீ. தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. 

இன்றைய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டின் புகளூர். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து இங்கே வரும் நேர்மின்சாரத் தொடர் ஏறக்குறைய 1,760 கி.மீ. நீளம், 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, அதன் திறன் 6,000 மெகாவாட். ஒரு கம்பித்தொகுதி 8 லட்சம் வோல்ட் நேர் முனை, மற்றது 8 லட்சம் வோல்ட் எதிர் முனை. ஒவ்வொன்றும் 3,000 மெகாவாட் சுமக்கிறது. 8 லட்சத்தால் வகுத்தால் 3,750 ஆம்பியர். இதே திறனை 4 லட்சம் வோல்ட்டில் அனுப்பினால் 7,500 ஆம்பியர், அதே கம்பியில் இழப்பு நான்கு மடங்கு. 6,000 மெகாவாட் முழுவதையும் வீட்டு 230 வோல்ட்டில் அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு கோடியே அறுபது லட்சம் ஆம்பியர் வேண்டும். அப்படி ஒரு கம்பியை எவராலும் இழுக்க முடியாது.

இந்த இடத்தில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். திறன் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தது என்றும் ஒரு சூத்திரம் உண்டு. அப்படியானால் வோல்ட்டேஜ் கூடக்கூட இழப்பும் கூட வேண்டாமா? அந்தச் சூத்திரம் கேட்பது கம்பியின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே குறையும் வோல்ட்டை. 8 லட்சம் என்பது கம்பிக்கும் தரைக்கும் இடையிலானது. எந்தப் பொருளின் வழியாக ஓடும் ஆம்பியரை எடுத்துக்கொள்கிறோமோ, அதே பொருளின் இரு முனைகளுக்கு இடையிலான வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதி மோட்டாரில் இருக்கிறது. ஐந்து குதிரைத்திறன் பம்ப்செட் 415 வோல்ட் மும்முனையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். இந்த வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் எண்ணைக் காயிலின் தடை என்று சொல்ல முடியாது. காயிலை நேராக அளந்தால் சில ஓம்தான் வரும். ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பெருக்கலும் நேராக வராது: மாறுமின்சாரத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே கணத்தில் உச்சம் தொடுவதில்லை என்பதால், திறன் காரணி என்ற எண்ணாலும், மும்முனை என்பதால் மூன்றின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால்தான் உண்மையான வாட் வரும். இந்த மோட்டாருக்குத் திறன் காரணி 0.8 அளவில் இருக்கும்.

லோ வோல்ட்டேஜில் காயில் எரிவதன் காரணமும் இங்கேதான். அயர்ன் பாக்ஸுக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் குறையும். 230க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 1,000 வாட் பெட்டி 612 வாட்தான் தரும், துணி தேய்க்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், சேதம் ஒன்றும் இல்லை. மோட்டார் அப்படி விட்டுக்கொடுக்காது. கிணற்றிலிருந்து தூக்க வேண்டிய தண்ணீர் அதேதான் என்பதால், 415 வோல்ட் 350ஆக இறங்கினால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், ஏறக்குறைய 1.19 மடங்கு. அதன் வர்க்கம் 1.4. காயிலில் வெப்பம் நூற்றுக்கு நாற்பது கூடிவிட்டது. வயலில் நிற்பவருக்குத் தண்ணீர் வழக்கம்போல விழுவதுதான் தெரியும்.

அந்தச் சூட்டை மோட்டாரைப் பிரிக்காமலே அறிய ஒரு வழி இருக்கிறது. அதுவும் வகுத்தல்தான். மல்டிமீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே கொஞ்சம் தடை இருப்பதால் சில ஓம் தடையை அது நம்பும்படி காட்டாது. எனவே நான்கு கம்பி முறை: இரண்டு கம்பிகள் வழியாகக் காயிலில் சரியாக 1 ஆம்பியர் நேர்மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டு கம்பிகளைக் காயிலின் முனைகளிலேயே வைத்து வோல்ட்டை அளக்கிறார்கள். ஓடுவதற்கு முன் 30 டிகிரியில் 2.00 வோல்ட் வந்திருந்தால் தடை 2.00 ஓம். சில மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திய உடனே அளந்ததில் 2.60 வோல்ட் வந்தால் 2.60 ஓம். செம்பின் தடை வெப்பநிலையோடு 234.5 கூட்டிய எண்ணுக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. 30உடன் 234.5 சேர்த்தால் 264.5, அதை 1.3ஆல் பெருக்கினால் 343.85, 234.5ஐக் கழித்தால் காயிலின் சராசரி வெப்பநிலை 109 டிகிரி. மோட்டாரின் தகட்டில் இன்சுலேஷன் வகுப்பு பி என்று பொறித்திருந்தால் அது தாங்கக்கூடியது 130 டிகிரி வரை, எஃப் என்றால் 155. அந்த எல்லைக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி.